கேள்வி பதில்: செய்நிரல் மொழிக்கு வெப்சைட் ஒண்டு, வாறவங்க பல மாதிரி

கொஞ்ச நாளா வாற கேள்வியள்ள கனக்க ஒரே விசயத்தையே, செய்நிரல் மொழியள்ள (கொம்பியூட்டருக்கு வேலை சொல்லிக்குடுக்கிற மொழியள்) வெப்சைட்டுகளையே சுத்தி வருது, அதால இந்த முறை எல்லாத்தையும் சேர்த்தே எடுத்திருக்கன். மற்றக் கேள்வி அனுப்பின ஆக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க, அடுத்த இதழ்ல வரும்.

கேள்வி: அண்ணா, நாங்க பைனல் இயர். க்ரூப்பா சேர்ந்து தமிழ்க் கட்டளையோட ஒரு சின்ன செய்நிரல் மொழி செஞ்சிருக்கம், இப்ப அதுக்கு வெப்சைட் போடோணும். ஸ்கூல் பிள்ளையள், ஐசிடி டீச்சர்மார், எங்கட லெக்சரர்மார், கனடா லண்டன்ல இருக்கிற தமிழ் டெவலப்பர்மார் எண்டு எல்லாரும் பாப்பாங்க. ஹோம் பேஜ்ல 'மாணவர்', 'ஆசிரியர்', 'டெவலப்பர்' எண்டு மூணு பெரிய பட்டன் போடுவமா வேணாமா எண்டு எங்களுக்குள்ள ஒரே வாக்குவாதம். (கெம்பஸ் மாணவி, வந்தாறுமூலை)

பதில்: தங்கச்சி, அந்த மூணு பட்டனும் வேணாம். சைட்டுக்கு வாற யாரும் "நான் ஒரு டெவலப்பர்" எண்டு நினைச்சிட்டு வாறதில்ல, அந்த நேரம் அவங்களுக்கு ஒரு அலுவல் இருக்கும், அத முடிக்கத்தான் வாறாங்க. ஏ.எல் படிக்கிற பிள்ளை டியூஷன்ல ஏற்கனவே பைதன் மொழில எழுதிப் பழகியிருக்கும், அது 'மாணவர்' பட்டன அமத்தினா "மாறி (வேரியபிள்) எண்டா என்ன" எண்டு தொடங்குற பாடம் வரும், ரெண்டு நிமிசத்தில அலுத்துப் போய்டும். டீச்சர் ஒராள் 'ஆசிரியர்' பட்டன அமத்தினா பாடக்குறிப்பு வரும், ஆனா அவங்களுக்கு முதல்ல வேண்டியது தாங்களே ரெண்டு வரி எழுதி ஓடவிட்டுப் பாக்க ஒரு இடம். அதோட ஒரே ஆள்தான் இண்டைக்குப் படிக்க வருவார், அடுத்த கிழமை ஒரு கட்டளைட பேர் மறந்து போய் தேட வருவார், அவர எந்தப் பட்டனுக்குள்ள போடுறது?

ஆள வச்சுப் பிரிக்காம அலுவல வச்சுப் பிரிங்க. இது என்ன சாமான், எனக்குச் சரிவருமா எண்டு பாக்கிறது ஒண்டு, படிக்கிறது ஒண்டு, தெரிஞ்ச விசயத்த தேடிப் பாக்கிறது ஒண்டு, மொழியச் செய்றதில கை குடுக்கிறது ஒண்டு, உங்களுக்கு இந்த நாலும் காணும். ரஸ்ட் மொழிட சைட்ல படிக்கிற பக்கத்தப் போய்ப் பாருங்க. புத்தகம் மாதிரி வாசிச்சுப் படிக்க விரும்புற ஆளுக்கு ஒரு வழி, சின்னச் சின்னப் பயிற்சியில பிழைய திருத்தித் திருத்திப் படிக்க ரஸ்ட்லிங்ஸ் எண்டு ஒரு வழி, கோட் உதாரணத்தப் பாத்தே விளங்கிக்கொள்ளுற ஆளுக்கு இன்னொரு வழி. நீ ஆர் எண்டு அங்க ஒருத்தரும் கேக்கிறதில்ல, எப்பிடிப் படிக்கப் போறாய் எண்டுதான் கேக்கிறாங்க. ரூபி சைட்ல இன்னொரு நல்ல வேலை செஞ்சிருக்காங்க, சி, ஜாவா, பிஎச்பி, பைதன் மாதிரி மொழியள்ள இருந்து வாறவங்களுக்கு தனித்தனிப் பக்கம், எது ஒரே மாதிரி இருக்கும், எது வித்தியாசமா இருக்கும் எண்டு நேராச் சொல்லுது. உங்களுக்கு அப்பிடி ஒரே ஒரு பக்கம் காணும், 'பைதன் தெரிஞ்சவங்களுக்கு' எண்டு. ஏ.எல் ஐசிடி பாடத்திட்டத்தில இருக்கிறது பைதன்தான், அதால உங்கட்ட வாற ஸ்கூல் பிள்ளையள்ள முக்காவாசி அதுக்குள்ளால வாறவங்களாத்தான் இருப்பாங்க.

இனி ஹோம் பேஜ். அது ஆருக்கு? என்னைக் கேட்டா, இன்னும் முடிவெடுக்காத ஆளுக்கு. பழகின ஆக்கள் ஹோம் பேஜுக்கே வரமாட்டாங்க, கூகிள்ள தேடி நேரா உள்ள குதிப்பாங்க. பிஎச்பி சைட்ல முகவரிக்குப் பின்னால ஒரு ஸ்லாஷ் போட்டு ஃபங்ஷன்ட பேர மட்டும் அடிச்சா அந்த ஃபங்ஷன்ட பக்கமே வந்திடும், நிறையப் பேருக்கு அந்த சைட்ட முகப்பு எப்பிடி இருக்கும் எண்டே ஞாபகம் இருக்காது, ஆனா அந்தப் பக்கங்கள் இல்லாட்டி அவங்கட வேலை நிண்டிடும். நீங்களும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத முகவரி எண்டு முதல் நாளே முடிவெடுங்க, பிறகு மாத்தப் போனா ஆக்கள் வாட்சப்ல அனுப்பி வச்ச லிங்க் எல்லாம் உடைஞ்சிடும்.

முடிவெடுக்காத ஆளுக்கு என்ன காட்டுறது? ஒரு வசனம், ஒரு கோட், அத ஓடவிட ஒரு பட்டன். கோட் போடுறதா இல்லையா எண்டதில பெரிய மொழியளே ஒரே கருத்தில இல்ல. ரஸ்ட் சைட்ட 2018 கடைசியில புதுசாக்கினப்போ முகப்பில இருந்த கோட் உதாரணத்த எடுத்திட்டு, என்னென்ன செய்யலாம் எண்டு வேலைத்துறையள அடுக்கினாங்க. ஹாஸ்கெல் மொழிக்காரர் அதுக்கு மாறா பகா எண் எடுக்கிற ஒரு கோட்ட முகப்பிலயே போட்டாங்க, சரியான வடிவா இருந்திச்சு, ஆனா 'சல்லடை' எண்டு அதுக்கு வச்ச பேர ஆக்கள் விடேல்ல, இது பழைய கிரேக்க அறிஞர் எரட்டொஸ்தனிஸ் பகா எண்ணச் சலிச்செடுக்கச் சொன்ன உண்மையான சல்லடை முறையே இல்ல எண்டு பிடிச்சாங்க, பிறகு பேர மாத்த வேண்டி வந்திச்சு. முகப்பில போடுற கோட்ட ஆயிரம் கண் பாக்கும் எண்டதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியேல்ல. ஆனாலும் நீங்க கட்டாயம் போடுங்க, உங்கட மொழிட முழு விசயமே அது தமிழ்ல இருக்கு எண்டதுதானே, அத மறைச்சு வச்சிட்டு "இலகுவானது, வேகமானது" எண்டு எழுதினா ஆருக்கும் ஒண்டும் விளங்காது. முத்தையா அண்ணாமலை உருவாக்கின எழில் மொழில 'பதிப்பி' எண்டு எழுதி பக்கத்தில 'வணக்கம்' எண்டு குடுத்தா அது ஸ்க்ரீன்ல வருது, அந்த ஒரு வரியப் பாத்த உடனே இது என்ன எண்டு சின்னப் பிள்ளைக்கும் பிடிபட்டிடும். உங்கட உதாரணம் இன்னும் ரெண்டு மூணு வரி கூட இருக்கட்டும், நெல்லு மூடை எத்தினை, மூடை என்ன விலை எண்டு கேட்டு மொத்தம் சொல்லுற மாதிரி ஒண்டு எழுதுங்க, மாறி, உள்ளீடு, பெருக்கல், வெளியீடு எல்லாம் அதுக்குள்ளயே வந்திடும். அதோட எழில் ஏற்கனவே இருக்கக்குள்ள உங்கட மொழி எதில வித்தியாசம் எண்டத ஒளிக்காம ஒரு பக்கத்தில எழுதி வைங்க, வெளிநாட்டில இருக்கிற டெவலப்பர்மார் முதல்ல கேக்கப் போற கேள்வி அதுதான்.

படிக்கிற பகுதியில எல்லாரும் குழப்பிக்கொள்ளுற இடம் ஒண்டு இருக்கு. டனியெலே புரோசிடா எண்டவர் டொகியுமெண்டேஷன (பாவிக்கிறவருக்கு எழுதி வைக்கிற விளக்கங்கள) நாலு வகையாப் பிரிப்பார்: கையப் பிடிச்சுக் கூட்டிப்போற பாடம், ஒரு வேலைய முடிக்கிற வழிகாட்டி, தேடிப் பாக்கிற விவரம், ஏன் இப்பிடி எண்ட விளக்கம். ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற உங்கட சுழல் கட்டளையையே எடுங்க. பாடத்தில, ஒண்டுல இருந்து பத்து வரைக்கும் எண்ண ஸ்க்ரீன்ல வர வைக்கிறது மட்டும் காணும், ஓடினதப் பாத்து பிள்ளை சந்தோசப்படோணும், வேற ஒண்டும் அங்க வேணாம். வழிகாட்டியில, ஒரு வகுப்புட மார்க்ஸ் எல்லாத்தையும் வாங்கி சராசரி எடுக்கிறது எப்பிடி எண்டு வரும். விவரப் பக்கத்தில, கட்டளைய எப்பிடி எழுதோணும், கடைசி எண் உள்ள வருமா வராதா, எதிர் எண் குடுத்தா என்ன நடக்கும் எண்டு சுருக்கமா வறட்சியா இருக்கலாம், தேடி வந்தவருக்கு கதை தேவல்ல. நீங்க ஏன் பூச்சியத்தில தொடங்காம ஒண்டுல தொடங்கினீங்க எண்டது விளக்கப் பக்கத்துக்குப் போகோணும், உங்கட லெக்சரர் ஆசையா வாசிப்பார். இந்த நாலையும் ஒரே பக்கத்தில கலந்து எழுதினா பிள்ளை மூணாவது பந்தியில விட்டிட்டுப் போகும், லெக்சரர் தனக்கு வேண்டியது எங்க எண்டு தெரியாம மேலயும் கீழயும் இழுத்திட்டு இருப்பார்.

கடைசியா, வாறவங்கள்ள நிறையப் பேர் கையில இருக்கிறது போன், அதுவும் ரீலோட் போட்ட டேட்டா. உங்கட மொழிய பைதன்ல எழுதியிருந்தா பயடைட் எண்ட கருவியால (பைதன பிரவுசருக்குள்ள ஓடவிடுறது) பிரவுசருக்குள்ளயே ஓடவிடலாம், ஆனா அது பல எம்பி இறங்கும், ஆகவே பக்கம் திறந்த உடனே இறக்காம 'ஓடவிடு' பட்டன அமத்தினாப் பிறகு இறக்குங்க, எவ்வளவு இறங்கும் எண்டதையும் பட்டனுக்குப் பக்கத்திலயே எழுதிவிடுங்க.

கேள்வி: நான் ஏ.எல் ஐசிடி படிப்பிக்கிறன். பைதன்ட வெப்சைட்டுக்குப் போய்ப் பாருங்க எண்டு பிள்ளையளுக்குச் சொன்னா, போய்ட்டு வந்து "ஒண்டும் விளங்கல்ல சேர்" எண்டுறாங்க. எந்தப் பக்கத்த காட்டுறது? (ஆசிரியர், அக்கரைப்பற்று)

பதில்: சேர், பிள்ளையள்ள பிழை இல்ல. பைதன் சைட்ட முகப்பு ஒரே நேரத்தில கனபேரோட கதைக்கிற முகப்பு, டவுன்லோட், வேலை வாய்ப்பு, பைதன் அறக்கட்டளை, நிகழ்ச்சியள் எல்லாம் அங்கதான் கிடக்கு. பிள்ளைக்கு முகப்பச் சொல்லாதீங்க, உள்பக்கத்த லிங்கா அனுப்புங்க.

ஆனா இதில ஒரு இடத்தில கவனமா இருக்கோணும். அவங்கட அதிகாரபூர்வ டுட்டோரியல் எண்ட பேரப் பாத்திட்டு அதுதான் புதுசா வாறவங்களுக்கு எண்டு நாங்க நினைக்கிறம், அது உண்மையில பைதனுக்குப் புதுசான, ஆனா வேற மொழியில கோட் எழுதத் தெரிஞ்ச ஆக்களுக்கு எழுதினது, இப்ப வாற பதிப்பில அதத் தொடக்கத்திலயே சொல்லியும் வச்சிருக்காங்க. கோடிங்கே புதுசான பிள்ளைக்கு பைதன் விக்கியில இருக்கிற பிகினர்ஸ் கைட்தான் இடம், அங்க செய்நிரல் எழுதத் தெரியாதவங்களுக்கு ஒரு பட்டியல், தெரிஞ்சவங்களுக்கு ஒரு பட்டியல் எண்டு ரெண்டாப் பிரிச்சிருக்கு. இந்த ஒரு பிரிவு எனக்குச் சரியான பிடிக்கும், வயசையும் கேக்காது, படிப்பையும் கேக்காது.

மற்றது பதிப்பு. கூகிள்ள தேடக்குள்ள சிலவேளை பைதன் 2ட பழைய பக்கம் வந்து நிக்கும், 2020 ஜனவரி 1 ஓட அதுக்கு ஆதரவு நிண்டிட்டு. பிள்ளை அதப் பாத்து பிரிண்ட் கட்டளைய அடைப்புக்குறி இல்லாம எழுதும், கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லும், பிள்ளை தனக்குக் கோடிங் வராது எண்டு முடிவுகட்டிடும். டொகியுமெண்டேஷன் பக்கத்தில மேல பதிப்பு எண்ணத் தெரிவு செய்ற இடம் இருக்கு, முதல் வகுப்பிலயே அந்த இடத்தப் பெரிய ஸ்க்ரீன்ல காட்டிவிடுங்க சேர். ஏலுமெண்டா ஒரு தாள்ள பாடப்புத்தகத்தில வாற தமிழ்ச் சொல்லு ஒரு பக்கம், அது பைதன் சைட்ல எந்தத் தலைப்புக்குக் கீழ இருக்கு எண்டது மறுபக்கம் எண்டு எழுதி ஃபொட்டோக்கொப்பி அடிச்சுக் குடுங்க, அந்தத் தாள் சைட்ட விட உதவும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. நான் வீட்டில இருந்தே வெளிநாட்டுக் கம்பனி ஒண்டுக்கு வேலை செய்றன். கோ, ரஸ்ட் மாதிரி மொழியள்ள சைட்டுக்குப் போனா ஆர் ஆர் பாவிக்கிறாங்க, எவ்வளவு நல்லது எண்டு விளம்பரமாத்தான் இருக்கு. கோட் எழுதுற எங்களுக்கு அது எதுக்கு? (சொஃப்ட்வெயார் வேலை, சம்மாந்துறை)

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. அந்தப் பக்கங்கள் உங்களுக்கில்ல, உங்கட மேனேஜருக்கு. அவர் கோட்ட வாசிக்கப் போறதில்ல, இத நம்பிக் காசு போடலாமா, இன்னும் அஞ்சு வருசத்தில இது இருக்குமா, வேலைக்கு ஆள் கிடைக்குமா எண்டுதான் பாப்பார். நீங்க அவர்ட்ட போய் "கோ மொழில செய்வம்" எண்டு சொல்ல நினைச்சா, சைட்ல இருக்கிற கம்பனியள்ள அனுபவக் கட்டுரை ஒண்ட அனுப்புறது உங்கட ஒரு மணித்தியாலப் பேச்ச மிச்சமாக்கும். அதோட 2012ல கோ 1 வந்தப்போ, இதில எழுதின செய்நிரல் பின்னால வாற கோ 1 பதிப்புகள்ளயும் வேலை செய்யும் எண்டு குடுத்த உறுதி ஒண்டு எழுத்தில இருக்கு, மேனேஜர்மாருக்கு முதல்ல காட்ட வேண்டியது அந்தப் பக்கம்.

இந்த விசயத்தில கோ காரர் நடந்த பாதையப் பாருங்க. 2019 நவம்பர்ல கோ டொட் டெவ் எண்டு புதுசா ஒரு சைட் திறந்தாங்க, பழைய கோலாங் டொட் ஓர்க் மொழியச் செய்ற திட்டத்துக்கு, புதுசு மொழியப் பாவிக்கிற ஆக்களுக்கு எண்டு. ரெண்டு வருசம் போக முதல், 2021ல, பழையதப் புதுசுக்குள்ள சேர்க்கத் தொடங்கிட்டாங்க. என்ட கணிப்பு, ஒரே மொழிக்கு ரெண்டு வீட்டு முகவரி இருந்தா வாறவர் எது உண்மையான முகவரி எண்டு நிண்டு யோசிப்பார், பாவிக்கிறவரும் செய்றவரும் எப்பவும் ரெண்டு வேற ஆளும் இல்ல. பெக்கேஜ் (மற்றவங்க எழுதி வச்ச கோட் பொதி) தேடுற இடத்த மட்டும் தனியா விட்டிருக்காங்க, அது சரி, அங்க அலுவலே வேற.

ரஸ்ட்ட பழைய முகப்பு வசனத்தில 'செக்ஃபோல்ட்' (மெமரியில தொடக்கூடாத இடத்தத் தொட்டு செய்நிரல் நிண்டு போற பிழை) எண்ட சொல்லு இருந்திச்சு. சி மொழியோட மல்லுக்கட்டின ஆளுக்கு அந்தச் சொல்லக் கண்டதும் உற்சாகம் வரும், தெரியாத ஆள் இது எனக்கில்ல எண்டு பக்கத்த மூடிடுவார். 2018ல அத எடுத்திட்டு, நம்பகமான, திறமான மென்பொருள் செய்ய எல்லாருக்கும் பலம் குடுக்கிற மொழி எண்ட கருத்தில மாத்தினாங்க. உங்கள மாதிரி ஆக்களுக்கு அது வெறுமையாத் தெரியுறது எனக்கும் விளங்குது, அந்த மாத்தம் சரிதான், ஆனா பழைய வசனத்தில இருந்த தெளிவான தொழில்நுட்பச் செய்தி ஒரு கிளிக் தூரத்திலயாவது இருக்கோணும். முகப்ப மேனேஜருக்குக் குடுத்தா, டொகியுமெண்டேஷன் லிங்க மேல மெனுவில வெளிச்சமா வைக்கோணும், அத மறைச்சா மட்டும் கோவப்படுங்க.

கேள்வி: மகளுக்கு பத்து வயசு, கோடிங் படிக்கோணும் எண்டு நிக்கிறாள். எனக்குக் கொம்பியூட்டர் பெரிசாத் தெரியாது. நான் எதப் பாக்கிறது? (அம்மா ஒராள், கல்லடி)

பதில்: ஸ்க்ராட்ச் எண்ட பிள்ளையள்ட செய்நிரல் மொழியப் பாருங்க, அக்கா. 2007ல அமெரிக்காவில இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழகம் வெளிவிட்டது, எட்டுல இருந்து பதினாறு வயசுப் பிள்ளையள நினைச்சு செஞ்சது, காசு இல்ல. அந்த சைட்ல பெற்றோருக்கு எண்டு ஒரு பக்கம் தனியா இருக்கு, பிள்ளை என்ன செய்யும், மற்றப் பிள்ளையளோட எப்பிடிக் கதைக்கும், பாதுகாப்பு எப்பிடி எண்டு நீங்க தெரிஞ்சிருக்க வேண்டியது அங்க இருக்கு. மேல வந்தாறுமூலைத் தங்கச்சிக்கு ஆள வச்சுப் பிரிக்காதீங்க எண்டு சொன்னன்தான், ஆனா பெற்றோர்ட விசயம் வேற, அவங்க மொழியப் பாவிக்க வாறதில்ல, பிள்ளைய விடலாமா எண்டு பாக்க வாறாங்க, அது தனி அலுவல்.

கேள்வி: நானா, ஒரு மொழிட டொகியுமெண்டேஷன தமிழ்ல போடுவம் எண்டு நாங்க கொஞ்சப் பேர் யோசிக்கிறம். முழுசாச் செய்ய எங்களால ஏலாது. எங்க தொடங்குற? (மாணவன், காத்தான்குடி)

பதில்: தம்பி, பாடத்தில தொடங்குங்க, அதுவும் முதல் மூணு அத்தியாயம். விவரப் பக்கங்கள கடைசிக்கு விடுங்க, ஒரு ஆள் அந்த அளவுக்கு வந்திட்டா அவருக்கு இங்கிலீசில தேடிப் பாக்கவும் பழகியிருக்கும், தொடக்கத்தில நிக்கிற பிள்ளைக்குத்தான் தமிழ் இல்லாட்டி வாசல்லயே நிண்டு போகும். எரர் மெசேஜ் விளக்கம் எண்டு ஒரு பக்கமும் சேருங்க, அடிக்கடி வாற பிழையள எடுத்து, இது வந்தா இதப் பாரு எண்டு தமிழ்ல சொல்லுற பக்கம், அத ஆக்கள் திரும்பத் திரும்ப வந்து பாப்பாங்க.

எப்பிடி அடுக்குறது எண்டதுக்கு பைதன்காரர் ஒழுங்கா ஒரு முறை எழுதி வச்சிருக்காங்க, 2017ல வந்த பெப் 545 (பெப் எண்டா பைதன்காரர் தங்கட யோசனையள எழுதி வைக்கிற ஆவணம்). ஒவ்வொரு மொழிக்கும் முகவரியில ஒரு குறியீடு, பக்கத்தில மேலயே மொழி மாத்துற தெரிவு. மொழிபெயர்ப்பு பந்தி பந்தியாச் சேமிக்கப்படும், மூல இங்கிலீசுப் பந்தி மாறினா பழைய தமிழ்ப் பந்தி பிழையான தகவலோட கிடக்காது, திருத்தும் வரைக்கும் அந்தப் பந்தி மட்டும் இங்கிலீசில தெரியும். நீங்க வேற மொழிய எடுத்தாலும் இந்த யோசனைய எடுங்க. பாதி தமிழ், பாதி இங்கிலீஸ் எண்டு வாறதுக்கு வெக்கப்படாதீங்க, பழசாப் போன தமிழ்ப் பக்கம் ஒண்டுதான் பிள்ளைய ஏமாத்தும். வேலை தொடங்க முதல் அந்த மொழிக்காரரோட கதைச்சு அவங்கட சைட்டுக்குள்ளயே இடம் கேளுங்க, தனிச் சைட்ல போட்டா நீங்க வேலைக்குப் போனாப் பிறகு அதப் பாக்க ஆள் இருக்காது.

கேள்வி: எங்கட பள்ளிக்கூடத்தில எல்லாரும் பாமினிலதான் டைப் பண்ணுற. தமிழ்ச் செய்நிரல் மொழி ஒண்டில நான் எழுதின கோட் ஸ்க்ரீன்ல வடிவாத் தெரியுது, ஓடவிட்டா பிழை பிழை எண்டு வருது. ஏன்? (ஐசிடி மிஸ், களுவாஞ்சிகுடி)

பதில்: மிஸ், பாமினி எண்ட பழைய எழுத்துரு (ஃபொண்ட்) எழுத்துட வடிவத்த மட்டும்தான் தமிழாக் காட்டுது, ஃபைலுக்குள்ள தமிழ் இல்ல. பாமினில 'அம்மா' எண்டு அடிச்சா உள்ள கிடக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். செய்நிரல் மொழி பாக்கிறது அதத்தான், நடுவில செமிகோலன் வேற, எத்தினையோ மொழியள்ள அது கட்டளை முடியுற அடையாளம். யூனிகோட்ல (ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு இருக்கிற முறை) டைப் பண்ணினாத்தான் ஓடும். கொம்பியூட்டர்ல யூனிகோட் தமிழ் விசைப்பலகை ஒண்டச் சேர்த்து, பிள்ளையளுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை முறைய பழக்குங்க, இலங்கைத் தரமே அதுதான், இல்லாட்டி தமிழ்99. பாமினில ஏற்கனவே எழுதின கோட்ட மாத்திக் குடுக்கிற கன்வேட்டர் இணையத்தில இருக்கு, ஆனா மேற்கோள் குறி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி அதில மாறிப் போகும், ஒவ்வொரு வரியாப் பாத்துத் திருத்துங்க.

இத வாசிக்கிற வந்தாறுமூலைத் தங்கச்சிக்கும் சேர்த்துச் சொல்லுறன், 'தமிழ்ல டைப் பண்ணுறது எப்பிடி' எண்டு ஒரு பக்கத்த உங்கட சைட்ல டவுன்லோட் பக்கத்துக்கு முதல்ல வைங்க. ஃபைல்ல தமிழ் எழுத்தே இல்லாம ஆங்கில எழுத்தும் செமிகோலனும் மட்டும் வந்தா, "நீங்க பாமினில எழுதியிருக்கலாம்" எண்டு மொழிட எரர் மெசேஜே சொல்லி அந்தப் பக்கத்துக்கு லிங்க் குடுக்கட்டும்.